அகுவா எடியோண்டா காயலில் காலெர்ப்பா பாசி ஒழிப்பு

அகுவா எடியோண்டா என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கார்ல்ஸ்பாட் நகரில் உள்ள ஒரு கடற்கரைக் காயல் ஆகும். 2000 சூன் மாதத்தில் இங்கு காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்னும் அயல் கடற்பாசி கண்டறியப்பட்டது. ஆறு ஆண்டு முயற்சிக்குப் பின் 2006 சூலையில் அது முற்றிலும் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கடலில் வேரூன்றிய அயல் பாசியை மனிதர் முழுமையாக அகற்றிய நிகழ்வுகள் மிகக் குறைவு. இதே பாசி மத்தியதரைக் கடலில் கட்டுக்கடங்காமல் பரவியது. எனவே இவ்விரு நிகழ்வுகளும் பெரும்பாலும் ஒப்பிட்டே பேசப்படுகின்றன.

பாசியின் இயல்பு

காலெர்ப்பா டாக்சிஃபோலியா வெப்ப மண்டலக் கடல்களுக்கு உரியது. இறகு போன்ற பச்சை இலைகளும் தரையில் படரும் தண்டும் கொண்டது. பார்வைக்குச் செடிபோல் இருந்தாலும், இதன் உடல் முழுவதும் பல உட்கருக்கள் கொண்ட ஒரே உயிரணுவாகும். சிறு துண்டு முறிந்து விழுந்தாலும் அது புதிய பாசியாக வளரும். படகின் நங்கூரமும் மீன்வலையும் இத்துண்டுகளை வேறிடங்களுக்குக் கொண்டு செல்கின்றன. இதிலுள்ள நச்சுப்பொருளால் பெரும்பாலான மீன்களும் கடல் முள்ளெலிகளும் இதை உண்பதில்லை.

மீன்தொட்டிகளின் அழகுக்காக ஐரோப்பியக் காட்சியகங்களில் வளர்க்கப்பட்ட வகை, குளிர்ந்த நீரையும் தாங்கக்கூடியதாக இருந்தது. பின்னர் கடலில் பரவியது இந்த வகையே.

மத்தியதரைக் கடலில் பரவல்

1984 இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் அருகே கடலடியில் இப்பாசி சுமார் 1 சதுர மீட்டர் பரப்பில் காணப்பட்டது. அப்போது அதை யாரும் அகற்றவில்லை. 1989 இல் அது ஏறத்தாழ 1 எக்டேராகப் பெருகியிருந்தது. பிரெஞ்சு உயிரியலாளர் அலெக்சாந்தர் மெய்னேசு எச்சரித்தார். ஆனால் பாசி எங்கிருந்து வந்தது, உண்மையில் தீங்கானதா என்ற வாதங்களிலேயே ஆண்டுகள் கழிந்தன. 2000 இன் இறுதிக்குள் ஆறு நாடுகளின் கரையோரத்தில் சுமார் 131 சதுர கிலோமீட்டர் கடலடி பாதிக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் பல இடங்களில் பாசி தானாகவே குறைந்தது. ஆனால் அன்று அதை யாராலும் முன்னறிந்து கூற முடியவில்லை.

கலிபோர்னியாவில் கண்டறிதல்

அகுவா எடியோண்டா காயலில் நடப்பட்டிருந்த கடற்புல்லின் வளர்ச்சியைப் பார்வையிட்ட முக்குளிப்பவர்கள், 2000 சூன் 12 அன்று அறிமுகமில்லாத பாசித் திட்டுகளைக் கண்டனர். சில வாரங்களில் வடக்கே உள்ள அண்டிங்டன் துறைமுகப் பகுதியிலும் அது காணப்பட்டது. மரபணு ஆய்வில் இது மத்தியதரைக் கடலில் பரவிய வகையே என்பது உறுதியானது. யாரோ மீன்தொட்டியிலிருந்து கொட்டியதே இதன் வருகைக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. முன்னதாக 1999 இலேயே இவ்வகையை அமெரிக்க அரசு தீங்கான களைப் பட்டியலில் சேர்த்திருந்தது. அதனால் கண்டவுடன் இதன் ஆபத்து புரிந்தது.

ஒழிப்புப் பணி

அரசு அமைப்புகளும் தனியாரும் சேர்ந்து ஒரு செயற்குழுவை அமைத்தனர். கண்டறிந்த 17 நாள்களில் பணி தொடங்கியது. பாசியைப் பிடுங்கினால் துண்டுகள் சிதறும் என்பதால் அது பிடுங்கப்படவில்லை. ஒவ்வொரு திட்டின் மீதும் கறுப்புத் தார்ப்பாய் விரித்து, ஓரங்களில் மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. பின்பு அதனுள் குளோரின் செலுத்தப்பட்டது. தார்ப்பாயின் கீழிருந்த கடற்புல்லும் சிற்றுயிர்களும் பாசியோடு சேர்ந்தே மடிந்தன. காயலில் படகோட்டவும் மீன்பிடிக்கவும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டதால் அங்கு பொழுதுபோக்க வந்தவர்களின் வருத்தத்தையும் குழு சந்திக்க நேர்ந்தது.

தார்ப்பாயின் அடியிலிருந்து எடுத்த மண்ணை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது பாசி முளைக்கவில்லை. கடற்புல் விதைகள் முளைத்தன. கலங்கிய நீரில் தேடுவோரின் திறனைச் சோதிக்க, நெகிழியாலான போலிப் பாசிகள் கடலடியில் வைக்கப்பட்டு, அவற்றுள் எத்தனை கண்டுபிடிக்கப்படுகின்றன எனக் கணக்கிடப்பட்டது. 2002 க்குப் பின் இரு இடங்களிலும் பாசி தென்படவில்லை. ஆயினும் தேடுதல் மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்தது. மொத்தச் செலவு 70 இலட்சம் டாலருக்கும் மேல்.

சட்டமும் பின்னிகழ்வுகளும்

2001 இல் கலிபோர்னியா அரசு காலெர்ப்பாவின் 9 இனங்களை வைத்திருப்பதையும் விற்பதையும் தடைசெய்தது. 2021 இல் நியூபோர்ட் விரிகுடாவில் காலெர்ப்பா புரோலிஃபெரா என்ற மற்றொரு இனம் கண்டறியப்பட்டது. இது முந்தைய தடைப் பட்டியலில் இல்லை. 2023 இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், தடையைக் காலெர்ப்பா பேரினம் முழுவதற்கும் விரிவுபடுத்தியது.

மொனாக்கோவில் முதலில் காணப்பட்ட பாசியை ஒருவர் ஒரே நாளில் மூடியிருக்க முடியும். கலிபோர்னியாவில் பல திட்டுகளாகப் பெருகிய பின்பும் அதை ஒழிக்க முடிந்ததற்கு, ஐயங்கள் அனைத்தும் தீரும்வரை காத்திராமல் பணியைத் தொடங்கியதே முக்கியக் காரணமாகும்.