வாரத்தில் நான்கு நாள்

மகள் பிறந்த பிறகு, இனி வாரத்துக்கு 32 மணித்தியாலம்தான் வேலை செய்யப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "ஏன் தம்பி, உடம்புக்குச் சுகமில்லையோ? வேலையாலை நிப்பாட்டப் போறாங்களோ?" என்று பதறிவிட்டார். பகலில் துப்புரவு வேலை, இரவில் உணவகத்தில் கோப்பை கழுவல் என்று ஓடிய மனிதர் அவர்.

நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்த நானோ, பகுதிநேர வேலை டச்சுக்காரரின் பிறவிக் குணம் என்று நினைத்திருந்தேன். அதுவும் பிழை.

1956 முடியும்வரை இங்கே மணமான பெண் கணவனின் ஒப்புதல் இல்லாமல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. அரசு வேலையில் இருந்த பெண்ணுக்குத் திருமணமானால் பெரும்பாலும் வேலை போய்விடும். 1955இல் தொழிற்கட்சி எம்.பி. கோரி தெண்டெலோ இதை எதிர்த்து நாடாளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தார். 46க்கு 44 என்று, இரண்டே வாக்குகளில் அது வென்றது. மணமான பெண்ணுக்குச் சட்ட உரிமை தந்த புதிய சட்டம் 1957 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது அவர் உயிருடன் இல்லை. முந்தைய ஒக்டோபரில் இறந்துவிட்டார்.

சட்டம் மாறியும் வீடுகள் அப்படியேதான் இருந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். புதன் பிற்பகல் பள்ளி இல்லை. குழந்தைகள் காப்பகம் அரிது. அம்மா வீட்டில் இருப்பார் என்று நம்பித்தான் பள்ளி மணியே அடித்தது!

பிறகு எண்பதுகளின் தொடக்கத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது. 1982 நவம்பரில் தொழிற்சங்கத் தலைவர் விம் கொக்கும் முதலாளிகள் தரப்பின் கிறிஸ் வான் ஃபேனும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வாசனார் ஒப்பந்தம் என்பது அதன் பெயர். தொழிலாளர் சம்பள உயர்வை விட்டுக்கொடுப்பார்கள், பதிலுக்கு வேலை நேரம் குறையும், இருக்கிற வேலை பலருக்குப் பங்கிடப்படும். பல துறைகளில் 40 மணித்தியால வாரம் 38 ஆனது. எங்கள் பெற்றோர் தலைமுறை அகதிகளாக வந்திறங்கியது இந்தக் காலத்தில்தான்.

ஆனால் அடுத்து வந்த பகுதிநேர வேலைகளில் பெரும்பங்கு பெண்களிடமே போனது. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை அதுதானே. 1996இல், குறைந்த நேரம் வேலை செய்பவரைக் குறைத்து நடத்தக்கூடாது என்று சட்டம் வந்தது. 2000இல், கொக் பிரதமராக இருந்தபோது, மணித்தியாலத்தைக் குறைக்கவோ கூட்டவோ கேட்கும் உரிமையும் வந்தது. நான் பயன்படுத்தியது அந்த உரிமையைத்தான். இன்றும் வேலைபார்க்கும் பெண்களில் பெரும்பாலானோர் பகுதிநேரம். ஆண்களில் அப்படியில்லை.

அதன் விலையை நான் அம்மாவின் ஓய்வூதியக் கடிதத்தில் பார்த்தேன். தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் வாரம் மூன்று நாள் என்று இருபது வருடம் வேலை செய்தவர். வேலைவழி ஓய்வூதியம் செய்த மணித்தியாலத்துக்கு ஏற்பத்தான் சேரும். தொகையைப் பார்த்துவிட்டு அம்மா கடிதத்தை மடித்து லாச்சிக்குள் வைத்தார். வீட்டில் அவர் செய்த மிச்ச வேலை எந்தக் கணக்கிலும் இல்லை.

முதலில் நானும் மனைவியும் போட்ட திட்டம், எனக்கு 40, அவருக்கு 24. எனக்குச் சம்பளம் கூட, அதனால் அதுதான் நியாயம் என்று பட்டது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு மேசையில் மறுபடி இருந்து கணக்குப் பார்த்தோம். இப்போது இருவருக்கும் 32.

புதன்கிழமை என்னுடைய நாள். அப்பா பேத்தியைப் பார்க்க வருவார். வாசலிலேயே கேட்பார்: "இண்டைக்கும் லீவோ?"