பெயர் கேட்கப்படாத நாவிதர்

ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1868 முதல் 1872 வரை சீனாவில் எடுத்த படங்களில், யாங்சி ஆற்றங்கரை நகரமான ஜியூஜியாங்கின் தெருத் தொழிலாளர் படம் ஒன்று உண்டு. சூப் விற்பவர், கடிதம் எழுதித் தருபவர், நாவிதர் என்று பலரும் ஒரே சட்டகத்துக்குள் தத்தம் வேலையில் இருக்கிறார்கள். தற்செயலாக அமைந்த காட்சியல்ல இது. அன்றைய கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். எடுக்கப்படுபவர்களும் அசையாமல் இருக்க வேண்டும். ஏற்பாடு செய்த காட்சி எப்படி வரலாற்றுச் சான்றாகும் என்று கேட்கலாம். நிற்கும் விதம் ஏற்பாடுதான். ஆனால் பல ஆண்டு புழங்கிய அடுப்பையும் பெட்டியையும் ஒரு வெளிநாட்டுப் பயணி கையோடு கொண்டுவந்திருக்க முடியாது. ஜப்பானின் யோகோஹாமாவில் ஃபெலிசே பியாட்டோ என்ற புகைப்படக்காரர் ஸ்டுடியோவுக்குள் எடுத்து, வண்ணம் தீட்டி விற்ற படங்களுக்கு இந்த நம்பிக்கையைத் தரமாட்டேன். அங்கே கருவியே ஸ்டுடியோவின் பொருளாக இருந்திருக்கலாம்.

ஆக, கருவிகளைப் பொறுத்தவரை தாம்சனின் படம் நல்ல சாட்சி. ஆளைப் பற்றித்தான் அது ஊமை. அந்த நாவிதரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாரமான கேமராக் கருவிகளோடு அலைந்த தாம்சனுக்குப் பெயர் கேட்க அவகாசம் ஏது என்பார்கள். இந்தச் சமாதானத்தை லண்டன் உடைத்துவிடுகிறது. 1877இல் அதே தாம்சன் லண்டன் தெருத் தொழிலாளர்களையும் படமெடுத்து வெளியிடத் தொடங்கினார். அங்கே கேனி என்ற முன்னாள் கோமாளி நாற்காலிக்குப் பிரம்பு பின்னிப் பிழைத்தார் என்பது வரை நமக்குத் தெரிகிறது. காரணம், உடன் உழைத்த பத்திரிகையாளர் அடால்ஃப் ஸ்மித் விசாரித்து எழுதினார். சீனப் படங்களுக்கும் தாம்சன் விரிவாகவே எழுதினார், பரிவோடும் எழுதினார். ஆனால் எழுதியது பெரும்பாலும் தொழிலைப் பற்றி. இது அவர் தொடங்கிய வழக்கமல்ல. கேமரா வருவதற்கு முன்பே காண்டன் ஓவியர்கள் தெருத்தொழில் படங்களை வெள்ளையருக்கு வரைந்து விற்றார்கள். தஞ்சாவூர் ஓவியர்களும் கம்பெனி அதிகாரிகளுக்காகத் தொழிலுக்கொரு கணவன் மனைவியாக வரைந்து தந்தார்கள். வாங்கியவர்கள் விரும்பியது தொழில்களின் வரிசையை. அதில் ஒரு நாவிதர் இருந்தால் போதும், அவர் எந்த நாவிதர் என்பது தேவைப்படவில்லை. தாம்சனுக்குச் சீன மொழி தடையாக இருந்தது உண்மையே. ஆனால் அவருடைய பயணங்களில் சீன உதவியாளர்கள் கூடவே சென்றார்கள். கேட்டுச் சொல்ல ஆள் இருந்தது.