தோட்டமும் திட்டமும் ஒன்றாகும் இடம்: எஸ்கியூலைட் கோப்பில் தமிழ்ச் சொல்லடைவும் அகரவரிசையும்

ஈப்போவுக்குத் தெற்கே, கேமரன் மலைக்கு ஏறும் சாலை பிரிகிற சந்தி சிம்பாங் பூலாய். சுண்ணாம்புக் குன்றுகளும் கல்லுடைப்புகளும் சூழ்ந்த இந்த வட்டாரத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புப் பகுதிகளாகியும் போன பிறகு, லயங்களில் வாழ்ந்த குடும்பங்களிடம் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் தாள்கள்தாம். சம்பளத் துண்டுகள், செக்ரோல் என்னும் ஆள்பதிவேட்டுப் பக்கங்கள், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் திருவிழா வரவு செலவுப் புத்தகம், 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேச’னிலிருந்து வெட்டிவைத்த நறுக்குகள். இவற்றைக் கணினியில் ஏற்ற முனைபவருக்கு எஸ்கியூலைட் என்ற தரவுத்தள எந்திரம் பொருத்தமான கருவி. அதற்குச் சர்வர் தேவையில்லை. பராமரிக்கத் தனியாள் தேவையில்லை. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பாகப் பென்டிரைவில் அடங்கும்.

அந்தக் கோப்பைத் தமிழுக்கு ஏற்றதாக்குவது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எஸ்கியூலைட்டின் ஆவணங்களைப் படிக்கும் நிரலர் முதலில் எண்ணுவது, சி மொழியில் ஒரு நீட்சி எழுதலாம் என்பதே. அகரவரிசைக்கு ஒன்று, சொற்பிரிப்புக்கு ஒன்று, பெயரொலி ஒப்பீட்டுக்கு ஒன்று. அது தொழில்நுட்ப முறையில் சரியான வழி. ஆனால் ஆவணக் காப்புக்கு அது தவறான வழி என்பது என் வாதம். தமிழைப் பற்றிய அறிவு இயன்றவரை கோப்புக்குள்ளேயே தரவாக இருக்க வேண்டும். கோப்புக்கு வெளியே நிரலாக இருக்கக் கூடாது.

ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் இந்த எந்திரத்தை உருவாக்கியதற்கு ஒரு போர்க்கப்பல் பணி காரணம். கப்பலில் சர்வர் நின்றுபோனால் அதை நம்பிய நிரலும் செயலற்றுவிடும்; ஆகவே சர்வரே இல்லாமல், வட்டிலுள்ள கோப்பை நேரே படிக்கும் தரவுத்தளம் வேண்டும் என்ற தேவையிலிருந்து அது பிறந்தது. பிறரைச் சாராமை அதன் பிறவிக்குணம். 2050 வரை இக்கோப்பு வடிவத்தைத் தாங்கி நிற்போம் என்று அதன் ஆக்குநர்கள் அறிவித்திருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2018இல் தரவுத்தொகுப்புகளைச் சேமிக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் இதைச் சேர்த்தது. ஆனால் இந்த உறுதிமொழி கோப்புக்கும் எந்திரத்துக்கும் மட்டுமே உரியது. நாம் எழுதிச் சேர்க்கும் நீட்சியின் ஆயுளுக்கு எவரும் பொறுப்பேற்கவில்லை.

சிக்கல் எவ்வளவு ஆழமானது என்பதைச் சொற்தேடலில் காணலாம். எஸ்கியூலைட்டின் முழுவுரைத் தேடல் நீட்சியான எஃப்.டி.எஸ்.5, 2015ஆம் ஆண்டின் 3.9.0 பதிப்போடு வந்தது. அதன் இயல்பான சொற்பிரிப்பான் ‘யூனிகோட்61’. எழுத்து, எண், தனிப்பயன் குறி ஆகிய வகைகளை மட்டும் அது சொல்லின் பகுதியாகக் கொள்ளும். மற்றவை எல்லாம் அதற்குச் சொற்களுக்கிடையிலான வெளி. தமிழ் உயிர்மெய்க் குறிகள் யூனிகோட்டில் எழுத்து வகையில் இல்லை. கால், கொக்கி, கொம்பு முதலியவை இடம்பிடிக்கும் ஒட்டுக்குறி வகை. ஈகாரச் சுழியும் புள்ளியும் இடம்பிடிக்காத ஒட்டுக்குறி வகை. ஆகவே ‘தோட்டம்’ என்ற சொல்லில் ஓகாரக் குறி ஒரு வெளி, ஒவ்வொரு புள்ளியும் ஒரு வெளி. அடைவில் ஏறுவது ‘த’, ‘ட’, ‘டம’ என்ற மூன்று துண்டுகள்.

இப்போது ‘திட்டம்’ என்ற சொல்லை அதே முறையில் பிரித்துப் பாருங்கள். இகரக் குறி விழுந்துவிடும், புள்ளிகள் விழுந்துவிடும். மிஞ்சுவது ‘த’, ‘ட’, ‘டம’. தேடுசொல்லும் இதே வழியில் உடைக்கப்படுவதால், தோட்டத்தைத் தேடுகிறவருக்குத் திட்டம் வரும், தேட்டம் வரும், ‘திட்டமிட்ட’ என்ற எச்சமும் வரும். பழைய நாளிதழ் நறுக்குகளில் வீடமைப்புத் திட்டம், ஐந்தாண்டுத் திட்டம், நிலத் திட்டம் என்று எத்தனை வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மறுபக்கம், ‘தோட்டத்தில்’ என்ற சொல் ஒருபோதும் வராது. எந்திரம் பிழைச்செய்தி எதுவும் தராது என்பதுதான் இதில் மோசமானது. தேடல் வேலைசெய்வதுபோலவே தோன்றும். சரியான சொல்லும் விடையில் இருக்கும். அதைச் சுற்றியுள்ள பொருந்தாத விடைகளைப் பார்த்து, தட்டச்சில்தான் பிழை என்று பயனர் நினைத்துக்கொள்வார்.

இதற்கு மருந்து புதிய நீட்சி அன்று. 2018இல் வந்த 3.25.0 பதிப்பிலிருந்து, எந்த யூனிகோட் வகைகள் சொல்லின் பகுதி என்பதை அட்டவணையை உருவாக்கும் கட்டளையிலேயே குறிப்பிடலாம். இருவகை ஒட்டுக்குறிகளையும் பட்டியலில் சேர்த்தால் ‘தோட்டம்’ முழுச் சொல்லாக அடைவில் ஏறும். இந்தத் தேர்வு அட்டவணை வரையறையோடு கோப்பிலேயே எழுதப்படுகிறது. கோப்பு எங்கே போனாலும் அதுவும் போகும். தரவாக இருக்கும் அறிவு என்று நான் சொல்வது இதைத்தான்.

வேற்றுமை உருபுச் சிக்கல் இதோடு தீராது. தோட்டம் தோட்டத்தில், தோட்டத்துக்கு, தோட்டத்தை என்று சாரியை ஏற்கும். எஸ்கியூலைட்டோடு வரும் போர்ட்டர் வேர்ச்சொல் முறை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியது. ஆயினும் தமிழில் ஒட்டுகள் சொல்லின் இறுதியிலேயே சேர்வதால், முன்னொட்டுத் தேடல் பெருமளவு கைகொடுக்கிறது. ‘தோட்ட’ என்று எழுதி உடுக்குறி இட்டால் மேற்சொன்ன வடிவங்களோடு ‘தோட்டக்காரர்’ வரையும் கிடைக்கும். இதற்கும் எல்லை உண்டு. ‘மர’ என்று தொடங்கித் தேடினால் மரமும் மரங்களும் வரும். மரபும் மரணமும் கூட வரும். தோட்ட ஆவணங்களில் மரணப் பதிவுகள் சிறுபான்மை அல்ல. ‘பால்மரம்’ என்று சேர்த்தெழுதியதற்குள் இருக்கும் மரமோ வரவே வராது. 2020இன் இறுதியில் வந்த முக்குறிச் சொற்பிரிப்பான் இந்த இரண்டாவது குறையைத் தீர்க்கும். அது உரையை மும்மூன்று குறியெண்களாக அடைவு செய்வதால் சொல்லின் நடுப்பகுதியையும் கண்டுபிடிக்கும். அதுவும் எந்திரத்தோடு வருவதே. ‘தீ’ போன்ற இரு குறியெண் சொற்களை மட்டும் அதனால் தேட முடியாது.

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். முறையான தமிழ் உருபனியல் பகுப்பாய்வை அட்டவணைக்குள் அடக்க முடியாது. அது நிரலாகத்தான் இருக்கும். உண்மை. எஃப்.டி.எஸ்.5 அதற்கு நல்ல இடைமுகமும் தருகிறது: சொந்தச் சொற்பிரிப்பானைப் பதிந்துகொள்ளலாம், ஒரே இடத்தில் இரண்டு சொற்களை வைத்து ‘எஸ்டேட்’ என்றாலும் ‘தோட்டம்’ என்றாலும் ஒன்றையே காட்டச் செய்யலாம். ஆனால் அந்தச் சொற்பிரிப்பான் இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், அப்படியொரு சொற்பிரிப்பான் இல்லை என்ற செய்தியோடு தேடல் நின்றுவிடும். ஆகவே பகுப்பாய்வு நிரலை ஏற்றும்போது ஒருமுறை ஓட்டி, அதன் விளைவை மட்டும் தனிப் புலத்தில் சேமிப்பதே நல்லது. மூலவரி ஒரு புலம், வேர்ச்சொற்கள் இன்னொரு புலம். நிரல் மறைந்தாலும் அது செய்த வேலை மிஞ்சும். சொல்லடைவையும் வெளியுள்ளடக்க முறையில் அமைத்தால், மூலம் சாதாரண அட்டவணையில் தனியே இருக்கும். அடைவைத் தூக்கியெறிந்துவிட்டு ஒரே கட்டளையில் மீண்டும் கட்டிக்கொள்ளலாம்.

அகரவரிசையில் இந்த வாதம் இன்னும் கூர்மையாகிறது. எஸ்கியூலைட்டின் இயல்பான வரிசை பைட் வரிசை, யு.டி.எஃப்.8இல் அது குறியெண் வரிசையே. யூனிகோட் தமிழ்ப் பகுதி 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைத் தழுவியது. அனைத்து இந்திய எழுத்துகளுக்கும் ஒரே வரிசை என்ற திட்டத்தில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ள, ழ இரண்டும் வகரத்துக்கு முன்னும் அமர்ந்துவிட்டன. எனவே ‘முத்து, முருகன், முனியம்மா’ என்று வரவேண்டிய பெயர்ப் பட்டியல் ‘முத்து, முனியம்மா, முருகன்’ என்று வரும். புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் பச்சையம்மாவுக்கு முன்னால் பசுபதி வந்து நிற்பார். பள்ளிப் பதிவேட்டை விரல் வைத்துத் தேடிப் பழகிய ஓர் ஆசிரியருக்கு இந்தப் பட்டியல் கலைந்த பட்டியலாகவே தெரியும்.

சொந்த வரிசைவிதியைப் பதிய எஸ்கியூலைட் இடம் தருகிறது. பன்னாட்டு எழுத்துக் கூறுகளின் நூலகமான ஐ.சி.யு.வைச் சேர்த்துத் தொகுத்தால் தமிழ் வரிசை ஆயத்தமாகவே கிடைக்கும். ஆனால் அந்த விதியைக் கொண்டு அடைவு கட்டிய கோப்பு, விதி பதியப்படாத எந்திரத்தில் திறக்கப்பட்டால் அந்தப் புலத்தை வரிசைப்படுத்த மறுக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் எஸ்கியூலைட்டில் ‘லோக்கலைஸ்ட்’ என்றொரு வரிசைவிதி உள்ளே பொருத்தப்பட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்திய கோப்பை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தால் அத்தகைய வரிசைவிதி இல்லை என்ற பிழை எழுவது நிரலர்கள் நன்கறிந்த தொல்லை. விதி இருந்தும் அதன் புதிய பதிப்பு சிறிது மாறியிருந்தால் நிலைமை இன்னும் கெடும். பழைய விதிப்படி அடுக்கிய அடைவில் புதிய விதிப்படி தேடினால், இருக்கும் பெயரே இல்லை என்று விடை வரலாம்.

மாற்றுவழி நம் நெடுங்கணக்கிலேயே இருக்கிறது. உயிர் 12, ஆய்தம் 1, பின் ஒவ்வொரு மெய்க்கும் புள்ளியெழுத்து ஒன்றும் உயிர்மெய் பன்னிரண்டுமாக 13. அகரத்துக்கு 001 என்று தொடங்கி மரபு வரிசையில் எண்ணிட்டால் ‘க்’ 014, ‘க’ 015 என்று சென்று ‘னௌ’ சரியாக 247இல் முடியும். இந்த 247 வரிகளையும் ஓர் அட்டவணையாகக் கோப்பில் வையுங்கள். ‘முத்து’ என்பதன் வரிசைத் திறவு 136092097; ‘முருகன்’ 136162015235; ‘முனியம்மா’ 136238 என்று தொடங்கும். இவற்றை எழுத்துச் சரமாக ஒரு புலத்தில் சேமித்தால், எந்திரத்தின் வெறும் பைட் வரிசையே தமிழ் அகரவரிசையைத் தந்துவிடும். நீட்சி தேவையில்லை, ஐ.சி.யு. தேவையில்லை. பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் திறவாக்கும் பணியையும் 2014 முதல் எஸ்கியூலைட் ஏற்கும் மீள்வரும் வினவலால் செய்யலாம். அந்த வினவலைக் கோப்பிலேயே ஒரு வியூவாகச் சேமிக்கலாம். எழுத்து என்றால் என்ன என்பதில் எந்திரத்துக்கும் நமக்கும் உள்ள வேறுபாடும் இதனால் நீங்குகிறது: ‘தோட்டம்’ என்பதன் நீளத்தைக் கேட்டால் எந்திரம் 7 என்னும், நெடுங்கணக்கு அட்டவணை 4 என்னும்.

இப்படி மூலத்திலிருந்து வழிவரும் தரவைச் சேமிப்பது தரவுத்தளக் கோட்பாட்டுக்கு முரண், மூலம் மாறினால் நகல் பழசாகும் என்று தரவுத்தளம் கற்பிப்பவர் சொல்வார். அன்றாடம் மாறும் வணிகக் கணக்குக்கு அது பொருந்தும். செக்ரோலில் 1938ஆம் ஆண்டு எழுதிய பெயர் இனி மாறப்போவதில்லை.

பெயர்களே கடைசிச் சிக்கல், மனிதரோடு மிக நெருங்கிய சிக்கலும் அதுவே. ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தொழிலாளி வாயால் சொன்ன பெயரைத் தோட்ட எழுத்தரான கிராணி காதால் கேட்டு ரோமன் எழுத்தில் எழுதினார். கிராணிமாரில் பலர் மலையாளிகள், பலர் யாழ்ப்பாணத்தார். தமிழ்நாட்டு ஊர்ப்புறப் பேச்சு அவர்களுடைய பேச்சு அன்று. இலட்சுமி என்ற பெயர் லெட்சுமி என்றும் லெச்சுமி என்றும் லட்சுமி என்றும் எழுதப்பட்டது. பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று என்று ஒரே பெண்ணுக்கு இரண்டு எழுத்துக்கோவைகள் அமைவது இங்கே எவருக்கும் வியப்பளிக்காது. சவுண்டெக்ஸ் போன்ற ஒலியொப்பீடு ஆங்கிலப் பெயர்களுக்காக வகுக்கப்பட்டது. அது இவற்றை எப்படிச் சேர்க்கும், எப்படிப் பிரிக்கும் என்பதைப் பதிவேட்டைப் பார்ப்பவர் ஊகிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. பெயர் மாற்றுவடிவங்களுக்கு ஓர் அட்டவணை இருந்தால், ‘இவரும் அவரும் ஒருவரே’ என்று அந்த லயத்தில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர் சொன்னதை ஒரு வரியாகச் சேர்க்கலாம். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்பதையும் பக்கத்திலேயே எழுதலாம். அவர் அறிந்ததை எந்தச் சி நிரலும் அறியாது.

குறியெண்களை ஒருசீராக்குவதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. எஸ்கியூலைட்டுக்கு இரண்டும் வேறு சொற்கள். ஏற்றும்போதே ஒன்றாக்கிவிட வேண்டும். ஆனால் தாளில் எழுதியிருந்தபடி எழுத்துக்கோவையைக் காட்டும் புலத்தை மட்டும் எவரும் ‘திருத்த’க் கூடாது.

கிரந்த எழுத்துகள் நெடுங்கணக்கின் 247க்குள் இல்லை. ராஜம்மாவும் ஜானகியும் இல்லாத தோட்டப் பதிவேடு இல்லை. அவற்றை 248 முதல் இறுதியில் வைப்பதா, ஜகரத்தைச் சகரத்தின் அருகே வைப்பதா என்பதில் அறிஞர்கள் மாறுபடலாம். ஐ.சி.யு.வுக்குள் அந்த முடிவை எவரோ எடுத்துவிட்டார்கள். நெடுங்கணக்கு அட்டவணையில் அது சில வரிகளாகக் கண்முன்னே இருக்கிறது. சிம்பாங் பூலாயில் அந்தக் கோப்பைத் திறப்பவர் அவற்றை மாற்றலாம், திறவுப் புலத்தை மீண்டும் கணக்கிடலாம், ஏன் மாற்றினார் என்பதை அடுத்த வரியில் எழுதிவைக்கலாம்.