அச்சு பற்றிய திருப்புத்திறன்

ஒரு பொருளை ஒரு நேர்கோட்டைச் சுற்றித் திருப்ப ஒரு விசைக்கு உள்ள ஆற்றலின் அளவு, அந்த அச்சைப் பற்றிய திருப்புத்திறன் எனப்படும். அலகு நியூட்டன் மீட்டர். விசை அச்சுக்கு இணையாக இருந்தாலோ, அதன் கோடு அச்சை வெட்டிச் சென்றாலோ இந்த அளவு சுழி. கதவைக் கீலை நோக்கித் தள்ளினால் அது திறக்காது. மேலே தூக்கினாலும் திறக்காது. குழந்தைக்கும் தெரிந்த இந்த உண்மை முழுமையான கணக்காக மாற இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. தொடக்கத்தில் அறிஞர் கையில் இருந்த கருவி தராசு என்பதே இதற்குப் பெரிய காரணம். தராசில் எல்லா விசைகளும் எடைகள். எல்லாமே கீழ்நோக்கி இழுப்பவை. விசையின் திசை பற்றிய கேள்வி அங்கே எழவே இல்லை.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிரக்கூசாவில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ், 'தளங்களின் சமநிலை' என்ற நூலில் நெம்புகோல் விதியை நிறுவினார். சம தொலைவில் தொங்கும் சம எடைகள் சமநிலை கொள்ளும் என்ற எடுகோளில் தொடங்கி, எடைகள் தொலைவுகளுக்கு எதிர்விகிதத்தில் இருந்தால் கோல் நிற்கும் என்பதுவரை படிப்படியாகச் சென்றார். எடையைத் தொலைவால் பெருக்கி ஒரே எண்ணாக்குவது மட்டும் அவரிடம் இல்லை. கிரேக்கக் கணிதம் வேறு வேறு இன அளவுகளைப் பெருக்காது, விகிதங்களையே ஒப்பிடும். ஆகவே திருப்புத்திறனின் உள்ளடக்கம் அவரிடம் இருந்தது, அந்த அளவு இல்லை.

அடுத்த முக்கியமான சிக்கல் வளைந்த நெம்புகோல். இரு கைகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாதபோது 'தொலைவு' என்று எதைக் கொள்வது? கையின் நீளத்தையா, வேறொன்றையா? கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹீரோன் இதைத் தொட்டார். அவருடைய 'இயந்திரவியல்' குஸ்தா இப்னு லூக்காவின் அரபு மொழிபெயர்ப்பு வழியாகவே நமக்குக் கிடைத்தது. 9ஆம் நூற்றாண்டில் தாபித் இப்னு குர்ரா வெள்ளிக்கோல் பற்றி எழுதிய அரபு நூல் லத்தீனுக்குப் போய் ஐரோப்பாவில் இத்துறைக்கு உயிரூட்டியது. 13ஆம் நூற்றாண்டில் ஜோர்டானஸ் பெயரில் வழங்கும் எடைகள் பற்றிய நூல், வளைந்த கோலுக்குத் துல்லியமான விடை தந்தது: தாங்குபுள்ளி வழியாகச் செல்லும் செங்குத்துக் கோட்டிலிருந்து எடை எவ்வளவு கிடைத் தொலைவில் தொங்குகிறது என்பதே கணக்கு, கை எப்படி வளைந்திருக்கிறது என்பது பொருட்டல்ல. நிலையியல் வரலாற்றில் இதற்குரிய புகழ் இந்நூலுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். பின்னர் லியொனார்டோ டா வின்சியும், 1585இல் பெனெடெட்டியும், சாய்வாக இழுக்கும் விசைக்கும் இதே கருத்தை விரித்தனர்: விசையின் கோட்டுக்குத் தாங்குபுள்ளியிலிருந்து வரையும் செங்குத்தின் நீளமே பயன்படும் தொலைவு.

பிரான்சின் பியர் வரிஞான் 1687இல் வெளியிட்ட நூலிலிருந்து தளத்துக்குள் அடங்கும் கணக்கு ஒழுங்கு பெற்றது. ஒரு புள்ளியில் சேரும் விசைகளின் திருப்புத்திறன்களைக் கூட்டினால், அவற்றின் தொகுவிசையின் திருப்புத்திறன் வரும் என்ற தேற்றம் இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

தளத்தை விட்டு முப்பரிமாண வெளிக்கு வந்தவர் லியோன்ஹார்ட் ஆய்லர். பீட்டர்ஸ்பர்க்கில், ஏறத்தாழ முழுப் பார்வையிழந்த நிலையில், 1780இல் அவர் அளித்த இரு கட்டுரைகள் நேரடியாக இதைப் பற்றியவை. விசையின் கோடும் அச்சும் ஒரே தளத்தில் இல்லாதபோது, விசையை இரு கோடுகளுக்கும் இடையிலான மீக்குறுந் தொலைவாலும், அவற்றின் இடைக்கோணத்தின் சைனாலும் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும். இதைவிட ஆழமானது அவர் கண்ட மற்றொன்று. ஒரு புள்ளி வழியாகச் செல்லும், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அச்சுகளைப் பற்றிய திருப்புத்திறன்கள் தெரிந்தால் போதும். அப்புள்ளி வழியாகச் செல்லும் வேறெந்த அச்சுக்கும் கோசைன்களைக் கொண்டு விடை காணலாம். விசைகள் எவ்விதம் கூறுகளாகப் பிரிகின்றனவோ அவ்விதமே திருப்புத்திறன்களும் பிரிகின்றன. இக்கட்டுரைகள் அவர் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1793இல்தான் அச்சேறின.

லூயி புவான்சோ 1803இல் வெளியிட்ட நிலையியல் பாடநூல் இதற்கு வடிவியல் உருவம் தந்தது. சமமான, எதிரெதிரான, இணையான இரு விசைகள் சேர்ந்தது இரட்டை. அதைத் தன் தளத்துக்குள்ளும் அதற்கு இணையான தளங்களுக்கும் நகர்த்தினாலும் விறைத்த பொருளின் மீது விளைவு மாறாது. ஆகவே அத்தளத்துக்குச் செங்குத்தான ஒரு கோட்டால் அதைக் குறிக்கலாம் என்றார். அப்போது அவருக்கு 26 வயது. ஒரு பொருளின் மீதுள்ள எல்லா விசைகளையும் ஒரு விசையாகவும் ஓர் இரட்டையாகவும் சுருக்கும் இன்றைய முறை இங்கிருந்து வருகிறது.

இன்று மாணவர் எழுதும் குறியீடு யேல் பல்கலைக்கழகத்தின் கிப்ஸ் 1881 முதல் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட வெக்டர் கணிதக் குறிப்புகளிலிருந்து வளர்ந்தது. வில்சன் 1901இல் அதைப் பாடநூலாக்கினார். அதன்படி, அச்சில் ஏதேனும் ஒரு புள்ளியிலிருந்து விசை செயல்படும் இடத்துக்கு நிலை வெக்டரை எடுத்து, அதற்கும் விசைக்கும் குறுக்குப் பெருக்கம் காண வேண்டும். அதை அச்சின் திசையிலுள்ள ஓரலகு வெக்டரோடு புள்ளிப் பெருக்கம் செய்ய வேண்டும்.

கீலிலிருந்து 0.8 மீட்டரிலும் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்திலும் கைப்பிடி உள்ள கதவை எடுத்துக்கொள்வோம். கைப்பிடியில் கதவின் அகலத் திசையில் 20, கதவுக்குச் செங்குத்தாக 30, கீழ்நோக்கி 40 நியூட்டன் என மூன்று கூறுகள் கொண்ட விசை செயல்படுகிறது. கீல் அச்சு தரையைத் தொடும் புள்ளியிலிருந்து கணக்கிட்டால் குறுக்குப் பெருக்கம் (-30, 52, 24). கைப்பிடியின் உயரத்தில் உள்ள அச்சுப் புள்ளியிலிருந்து கணக்கிட்டால் (0, 32, 24). முதல் இரண்டும் மாறின. அச்சின் திசையிலான 24 நியூட்டன் மீட்டர் மாறவில்லை. அச்சில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் இதுவே வரும். புள்ளியைப் பற்றிய திருப்புத்திறன் ஒரு வெக்டர். அச்சைப் பற்றியது அதன் ஒரே ஒரு கூறு, குறியுள்ள வெறும் எண். பாடநூல்கள் பல இவ்விரண்டையும் ஒரே பத்தியில் சொல்லிக் கடப்பதால்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள்.

பொறியாளருக்கு இதன் பெரும்பயன் அச்சைத் தெரிவு செய்யும் உரிமையில் உள்ளது. ஒரு முக்காலியில் 600 நியூட்டன் எடை இருக்கிறது என்போம். இரு கால்கள் தரையைத் தொடும் புள்ளிகளை இணைக்கும் கோட்டையே அச்சாகக் கொண்டால், அவ்விரு கால்களின் எதிர்விசைகளும் உராய்வும் அச்சை வெட்டுவதால் சமன்பாட்டிலிருந்து மறைந்துவிடும். மூன்றாம் காலின் உராய்வும் அதே தரைத் தளத்தில் கிடப்பதால், அச்சை வெட்டும் அல்லது அதற்கு இணையாக இருக்கும், அதுவும் மறையும். எடை அச்சிலிருந்து 10 செ.மீ., மூன்றாம் கால் 30 செ.மீ. தொலைவில் இருந்தால், அக்கால் தாங்குவது 200 நியூட்டன்.