குழாயைத் திறப்பது யார்?

கிருஷ்ணன்கோவில் வழியாகப் போகும் நெடுஞ்சாலை திருமங்கலத்தில் தொடங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், செங்கோட்டை தாண்டிக் கொல்லத்தில் முடிகிறது. இங்கே 1984-இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இன்று பல்கலைக்கழகம். சுற்றுவட்டாரச் சேரிப் பிள்ளைகள் அப்படியொரு வாசலை எட்ட வேண்டுமானால், பெரும்பாலும் அரசுப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி வழியாகத்தான் வர வேண்டும். அந்த வகுப்பறைகளில் வைஃபை ஒழுங்காக வருகிறதா என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல. அதற்கு நூறாண்டு முன்கதை உண்டு.

சதாராவில் படித்தபோது சிறுவன் அம்பேத்கர் பள்ளிக் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடுதான் இருக்க வேண்டும். பள்ளியில் குழாய் இல்லாமல் இல்லை. அதைத் திறக்கும் உரிமைதான் அவருக்கு இல்லை.

இதே சாலையின் மறுமுனையிலும் அதே கதைதான். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று அந்தப் பக்கம் இருந்த ஊர். அந்தத் திருவிதாங்கூரில் 1907-இல் நம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசு முடிவெடுத்தது. ஆதிக்கச் சாதியினர் வாசலை மறித்தார்கள். அய்யன்காளி வயல் வேலையை நிறுத்தச் செய்தார். பிறகு பஞ்சமி என்ற சிறுமியை அவர் ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனபோது, அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். உத்தரவு வந்தும் வகுப்பறை வரவில்லை.

சென்னை மாகாணத்தில் 1894-இல் ஆல்காட் பஞ்சமர் பள்ளி தொடங்கினார். 1920-களில் தொழிலாளர் துறை நமக்கெனப் பள்ளிகள் திறந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த வழியில் வந்தவை.

2011-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. பெரிய திட்டம்தான். ஆனால் 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் 100 வீடுகளில் 15-இல்தான் இணைய வசதி இருந்தது. 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. ஒன்பது மாதம்கூட முழுதாகக் கழியவில்லை. 2020 ஜூன் 1, கேரளத்தில் ஆன்லைன் வகுப்பு தொடங்கிய முதல் நாள், மலப்புரம் மாவட்டத்தில் 9-ஆம் வகுப்பு தலித் மாணவி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அப்பா தினக்கூலி. வீட்டு டிவி பழுது, மொபைலுக்கு ரீசார்ஜ் இல்லை. தீர்ப்பு இருந்தது. அவளிடம் வகுப்பு போய்ச் சேரவில்லை.

இப்போது ஸ்மார்ட் வகுப்பறைகள் வருகின்றன. வரவேற்கிறோம். ஆனால் ரவுட்டர் தலைமையாசிரியர் அறையில் இருந்தால், இரண்டு சுவர் தாண்டுவதற்குள் சிக்னல் மெலிந்துவிடும். வீட்டு உபயோக ரவுட்டர் ஒன்றை நம்பி நாற்பது கருவிகளை இணைத்தால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். வகுப்பறை வரை கேபிள் இழுத்து, அங்கே சிக்னல் பரப்பும் பெட்டி வைக்க வேண்டும். மின்வெட்டுக்கு யுபிஎஸ் வேண்டும். மாதக் கட்டணம் கட்ட நிதி வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், பியூன் வராத நாளின் குழாய்தான் அது.

நலத்துறைப் பள்ளிகள் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப்படும் என்று 2023 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தலித் அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. அந்த விவாதம் தேவை. ஆனால் எந்தத் துறையின் பெயர்ப்பலகை தொங்கினாலும், இந்த மாத இணையக் கட்டணம் யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

கேட்க வழி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். அதில் நம் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு அம்மாவோடு நீங்களும் போங்கள். இணைப்பு எந்த அறைவரை வருகிறது, கடைசியாக எப்போது வேலை செய்தது, பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோம்.

குழாயை நம் கையால் திறக்கும் நாள்வரை தண்ணீர் வந்துவிட்டது என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.