கோயிலுக்கு எந்த கேமரா? 1858-ல் ஒரு கேப்டன் போட்ட கணக்கு

"காயல்பட்டினத்துல பழைய வீடு, பள்ளிவாசல், மீசான் கல் எல்லாத்தையும் படம் எடுத்து வைக்கணும். எந்த கேமரா வாங்கலாம்?" இந்த வார எபிசோட் இந்தக் கேள்வியிலிருந்துதான். ஸ்பெக் ஷீட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி, கிட்டத்தட்ட 170 வருஷத்துக்கு முன்னாடி இதே கேள்விக்கு விடை தேடின ஒருத்தரைப் பார்த்துடலாம்.

பேரு லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியோட மெட்ராஸ் படையில கேப்டன். 1856-ல மெட்ராஸ் மாகாண அரசு அவரை போட்டோகிராபரா நியமிச்சது. 1858-ல ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரைன்னு அவர் எடுத்த படங்கள் வெளிவந்துச்சு.

அப்போ அவர் முன்னாடி இருந்தது ரெண்டு சிஸ்டம். ஒண்ணு, வெட் கொலோடியன். கண்ணாடித் தகட்டுல ரசாயனம் பூசி, ஈரம் காயறதுக்குள்ள படம் எடுத்து, அங்கேயே டெவலப் பண்ணணும். படம் செம ஷார்ப்பா வரும். ஆனா கண்ணாடி கனம், உடையும். போற இடமெல்லாம் இருட்டுக் கூடாரம் வேணும். நம்ம வெயில்ல ஈரம் சீக்கிரம் காஞ்சுடும்.

இன்னொண்ணு, மெழுகுத்தாள் நெகட்டிவ். 1851-ல பிரான்ஸோட குஸ்தாவ் லெ கிரே வெளியிட்ட முறை. தாளை முன்கூட்டியே தயார் பண்ணி எடுத்துட்டுப் போகலாம், சில நாள் கழிச்சுக்கூட டெவலப் பண்ணலாம். எடை குறைவு, உடையாது. குறை என்னன்னா, எக்ஸ்போஷருக்கு நிமிஷக்கணக்குல நேரம் பிடிக்கும்.

ட்ரைப் பயணத்துக்குப் பெரும்பாலும் தாளையே நம்பினார். காரணம் சிம்பிள்: கோபுரம் நகராது! வேகம்ங்கிற ஃபீச்சர் அவருக்குத் தேவையே இல்ல. அவர் படங்கள்ல பிரகாரங்கள் ஆளே இல்லாத மாதிரி தெரியறதுக்கு இந்த நீண்ட எக்ஸ்போஷரும் ஒரு காரணம். வானம் வெறும் வெள்ளையா வந்துடும். அதனால நெகட்டிவ் மேலயே மேகத்தை வரைஞ்சார். அந்தக் காலத்து போட்டோஷாப்!

உச்சம் எதுன்னா, தஞ்சை பெரிய கோயில் அடித்தளத்துல ஓடுற கல்வெட்டு வரிசை. 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். ஹுல்ட்ஸ் 1891-லிருந்து அந்தக் கோயில் கல்வெட்டுகளைப் புத்தகமா பதிப்பிச்சாரு இல்லையா? அதுக்கு முப்பது வருஷத்துக்கும் மேல முந்தினது இந்தச் சுருள்.

ஆனா கதை சோகமாத்தான் முடியுது. 1859-ல ஆளுநரா வந்த சார்ல்ஸ் ட்ரெவெல்யன், இது ஆடம்பரச் செலவுன்னு சொல்லி அந்த வேலையையே நிறுத்திட்டார். அதுக்கப்புறம் ட்ரைப் எடுத்த படங்கள் ரொம்பக் குறைவு. 'மதிப்பு'ன்னா என்னங்கிற சண்டை இதுதான். அந்த வருஷத்துக் கணக்குல அது வெறும் செலவு. இன்னைக்கு உலகத்து மியூசியங்கள் பாதுகாத்து வெச்சிருக்கிற பொக்கிஷம்.

சரி, காயலுக்கு வருவோம். மீசான் கல்லும் நகராது. அப்போ நொடிக்கு 30 ஃப்ரேம் எதுக்கு? செகண்ட் ஹேண்ட் பாடி, ஒரு நல்ல லென்ஸ், உறுதியான ட்ரைபாட் போதும். எழுத்து தேஞ்சிருந்தா, காலையோ மாலையோ சாய்ஞ்ச வெயில்ல எடுங்க. நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிக்கும். நம்ம ஊர்ல கேமராவுக்கு முதல் எதிரி கடல் காத்து. ஈரத்துல லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும், உப்பு உலோகத்தை அரிக்கும். அதனால வெதர் சீலிங் பார்த்து வாங்குங்க. காத்துப் போகாத டப்பாவுல சிலிகா ஜெல் போட்டு வைங்க. மிச்சக் காசுல ரெண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ரெண்டையும் வேற வேற வீட்டுல வைங்க.

வீட்டை இடிச்சுக் கட்டுற வேகம் நமக்குத் தெரியும். புது மாடல் வரட்டும்னு காத்திருந்தா, எடுக்கிறதுக்குத் திண்ணையே இருக்காது. இருக்கிற கேமராவோட இந்த வெள்ளிக்கிழமையே கிளம்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!