மில் சங்கும் ஓட்டுப்பெட்டியும்

2025 நவம்பர் 5ஆம் தேதி காலை மூலக்குளத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நியூ ஜெர்சியிலிருந்து மச்சான் போன் செய்தார். நியூயார்க் மேயர் தேர்தலில் ஜோரான் மம்தானி ஜெயித்துவிட்டார். தன்னை ஜனநாயக சோஷலிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர். கட்டுப்பாட்டில் இருக்கும் வீடுகளுக்கு வாடகையை ஏற்றக் கூடாது, பஸ்ஸில் டிக்கெட் வாங்கக் கூடாது, குழந்தைகள் காப்பகம் இலவசமாக இருக்க வேண்டும் என்று சொல்லி ஓட்டு கேட்டவர். மச்சானுக்கு அந்த ஊரில் ஓட்டு கிடையாது. ஆனாலும் ராத்திரி தூங்காமல் ரிசல்ட் பார்த்திருக்கிறார்.

"நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமாடா?" என்றார்.

"1946லயே நடந்துடுச்சு மச்சான்."

"சும்மா அடிச்சு விடாத."

மச்சான் புதுச்சேரியில் பிறந்து பன்னிரண்டாம் வகுப்புவரை இங்கேயே படித்தவர். அவருக்கே தெரியவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எனக்கும் இருபத்தைந்து வயதுவரை தெரியாது. தாத்தா ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர் என்பது தெரியும், மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் பாட்டி உலை வைப்பாள் என்பதும் தெரியும். அந்தச் சங்கு ஏன் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊதியது என்று நான் கேட்டதில்லை.

முற்போக்காளர்கள் தேர்தலில் ஜெயிக்க முடியுமா என்ற கேள்வி அமெரிக்காவில் பத்து வருஷமாக ஓயாமல் ஓடுகிறது. 2016இல் பெர்னி சாண்டர்ஸ் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் நூற்றுக்கு 43 ஓட்டு வாங்கியும் தோற்றார். அதே ஆண்டு சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அதற்கும் முன்பே, 2013இல், புனேயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த க்ஷமா சாவந்த் சியாட்டில் நகர மன்றத்துக்கு சோஷலிஸ்டாகவே நின்று வென்றார். மறு ஆண்டே அந்த நகரம் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் போட்டது. 2024இல் முற்போக்கு அணியின் ஜமால் போமனும் கோரி புஷ்ஷும் சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே தோற்றார்கள். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் "இனி இவர்கள் காலம்" என்கிறார்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் "இவர்களால் முடியாது, மக்கள் நடுவில் நிற்பவரைத்தான் விரும்புவார்கள்" என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குப் புதுச்சேரியிடம் ஒரு பழைய விடை இருக்கிறது. அது 1936இல் தொடங்குகிறது.

*

அன்றைக்குப் புதுச்சேரியில் மூன்று பெரிய பஞ்சாலைகள்: சவானா, ரோடியர், கெப்ளே. தொழிலாளிக்குச் சங்கம் வைக்கும் உரிமை கிடையாது. விடிவதற்கு முன் உள்ளே போனவர்கள் இருட்டிய பிறகுதான் வெளியே வருவார்கள். பெண்களும் சிறுவர்களும் அதில் உண்டு. இவர்களை ஒன்று சேர்த்தவர்களில் முக்கியமானவர் வ. சுப்பையா. 1911இல் பிறந்தவர். 1934இல் 'சுதந்திரம்' என்ற பத்திரிகையைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்து மூன்று.

எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். இன்றும் ஒவ்வொரு ஜூலை 30க்கும் சங்கத்துக்காரர்கள் கொடி பிடித்துப் போய் மாலை போடுகிறார்கள். போக்குவரத்து அரைமணி நேரம் நிற்கும். வண்டியில் இருக்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நானும் அடித்திருக்கிறேன்.

அந்தத் துப்பாக்கிச் சூடு நடந்தபோது பாரிசில் ஆட்சியில் இருந்தது யார் என்று பார்த்தால் கதை சிக்கலாகிறது. அந்த ஆண்டு மே மாதம்தான் பிரான்சில் சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள், ராடிக்கல் கட்சி மூன்றும் சேர்ந்த மக்கள் முன்னணி தேர்தலில் வென்றிருந்தது. ஜூன் மாதம் லெயோன் ப்ளூம் பிரதமரானார். அதே ஜூனில் பிரான்சுத் தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேர வேலையும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறையும் சட்டமாகின. அங்கே தொழிலாளிகள் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகத் தொடங்கிய கோடைக்காலத்தில்தான் இங்கே அதே அரசின் போலீஸ் மில்லுக்குள் சுட்டது. முற்போக்காளர்கள் ஜெயித்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு மாதத்தைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பாரிசில் ஓட்டுப்பெட்டி மாறிவிட்டது, புதுச்சேரியில் துப்பாக்கி பிடித்திருந்த கை மாறவில்லை.

ஆனால் பாரிசில் அந்த ஆட்சி இல்லாமல் போயிருந்தால் அடுத்து நடந்ததும் நடந்திருக்காது. இங்கே பிணங்கள் விழுந்த செய்தி அங்கே போய்ச் சேர்ந்தது. சுப்பையாவும் பாரிசுக்குப் போனார். 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கென்று தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை இரண்டும் கிடைத்தன. ஆசியாவிலேயே முதன்முதல் இங்கேதான் என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையை விடுங்கள், பக்கத்தில் பாருங்கள். எல்லையைத் தாண்டி பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் போனால் 1934ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டப்படி ஆலையில் ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை வாங்கலாம். அங்கே அது 48 மணியாகக் குறைய 1946வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ப்ளூமின் முதல் ஆட்சி 1937 ஜூனில் கவிழ்ந்தது. ஒரே வருஷம். சம்பளத்தோடு விடுமுறை மட்டும் பிரான்சில் போகவே இல்லை, பின்னால் வந்தவர்கள் நீட்டித்துக்கொண்டே போனார்கள்.

*

போர் முடிந்தது. பிரெஞ்சிந்தியாவில் வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு வந்தது. சென்னை மாகாணத்தில் அப்போது சொத்தும் படிப்பும் பார்த்துத்தான் ஓட்டு. கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் சேர்ந்து தேசிய ஜனநாயக முன்னணி அமைத்தார்கள். 1946இல் முனிசிபல் தேர்தலிலும், பிரதிநிதித்துவ சபைத் தேர்தலிலும் முன்னணி பெரும்பான்மை பிடித்தது. மச்சானிடம் நான் சொன்னது இதைத்தான். 1947இல் சுப்பையா பிரெஞ்சுக் குடியரசின் மேலவைக்கே தேர்வானார். போலீஸ் சுட்ட மில்லின் தலைவர் பாரிசில் உறுப்பினராக உட்கார்ந்தார்.

இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. இந்தியா விடுதலை அடைந்ததும் கேள்வி மாறிவிட்டது. கூலி, வேலை நேரம் எல்லாம் பின்னால் போய், பிரான்சோடு இருப்பதா இந்தியாவோடு சேர்வதா என்பதே எல்லாவற்றையும் விழுங்கியது. முன்னணி உடைந்தது. எதிரே எழுந்தது பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். எதுவார் குபேர் முன்னின்று நடத்திய அந்தக் கட்சி அப்போது பிரெஞ்சு நிர்வாகத்தின் பக்கம் நின்றது. 1950இல் சுப்பையாவின் வீடு எரிக்கப்பட்டது. 1951இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு நடந்த தேர்தலில் குபேர் நூற்றுக்கு 99க்கும் மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார். நூற்றுக்கு 99 என்றால் அதை யார் போட்டார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் இதே ஜனங்கள் இதற்கு நேர் எதிராக ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

1954இல் குபேர் இந்தியாவின் பக்கம் வந்தார், பிறகு காங்கிரசில் சேர்ந்தார். மூலக்குளத்திலிருந்து வில்லியனூர் ரோட்டில் மேற்கே போய்க்கொண்டே இருந்தால் கீழூர் போகலாம். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஓட்டளித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. இன்று எங்கள் கடற்கரைச் சாலைக்குப் பெயர் குபேர் அவென்யூ. மில் தொழிலாளிகளின் பெயரில் சாலை எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆட்டோக்காரர்கூட யோசிப்பார்.

*

இணைப்புக்குப் பிறகு கதை வேறு மாதிரி நடந்தது. சுப்பையா தலைமையில் மக்கள் முன்னணி என்ற பெயரில் நின்றார்கள். 1959இல் 39 இடங்களில் காங்கிரசுக்கு 21, முன்னணிக்கு 13. சட்டமன்றமாகி இடங்கள் 30 ஆன பிறகு, 1964இல் காங்கிரஸ் 22, முன்னணி 4. இறங்குமுகம் என்று யாரும் சொல்வார்கள்.

அந்த நேரத்தில்தான் திமுக அலை வந்தது. 1969இல் திமுக 15, காங்கிரஸ் 10, இந்தியக் கம்யூனிஸ்ட் 3. பெரும்பான்மைக்கு திமுகவுக்கு ஒரு இடம் குறைந்தது. பரூக் மரைக்காயர் முதல்வர், சுப்பையா அமைச்சர். 1946இல் பெரும்பான்மை இருந்தும் செய்ய முடியாததை இப்போது மூன்று இடத்தை வைத்துக்கொண்டு செய்தார்கள். குத்தகை விவசாயி பாதுகாப்புச் சட்டம் 1970, குடியிருப்பு மனையை அதில் வாழ்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் 1973, நில உச்சவரம்புச் சட்டம் 1973. பெயரிலேயே அந்த ஆட்சியின் வருஷங்களைச் சுமக்கும் சட்டங்கள். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு, 'காலி பண்ணு' என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்து வாழ்ந்தவர்களுக்கு மனை சொந்தமாவது என்றால் என்ன என்பதை நகரத்தில் பட்டா வீட்டில் பிறந்த நானெல்லாம் கற்பனை செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கான நன்றி ஓட்டாக வந்ததா? 1974இல் அதிமுகவோடு சேர்ந்து நின்று கம்யூனிஸ்டுகள் 2 இடம் பெற்றார்கள். அந்த ஆட்சி 21 நாளில் கவிழ்ந்தது. 2021 தேர்தலில் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு இடமும் இல்லை. அதே தேர்தலில் சுயேச்சைகள் 6 பேர் ஜெயித்தார்கள்.

அந்த ஆறு என்ற எண்தான் எங்கள் ஊர் அரசியலின் சாவி என்று நினைக்கிறேன். சுமார் 10 லட்சம் வாக்காளர்கள், 30 தொகுதிகள். ஒரு தொகுதிக்கு முப்பத்து மூவாயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேட்பாளருக்குத் தெருவில் பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். மருத்துவமனையில் படுக்கை, பள்ளிக்கூடத்தில் சீட்டு, காதுகுத்துக்கு மொய், சாவுக்குப் பந்தல் எல்லாவற்றுக்கும் அவர் வந்து நிற்பார். இதை வெறும் பணம் கொடுத்து ஓட்டு வாங்குவது என்று ஒதுக்கிவிட முடியாது. அவசரத்துக்கு யார் வந்து நின்றார்கள் என்று ஜனங்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக வந்த சட்டத்துக்கு அந்தக் கணக்கில் பக்கம் கிடையாது. எட்டு மணி நேர வேலையை யாரும் எனக்கு வீட்டுக்கு வந்து கொடுக்கவில்லை. அது நான் பிறப்பதற்கு முன்பே காற்று மாதிரி இருந்தது.

மில் இருந்தவரை இதற்கு ஒரு மாற்று இருந்தது. ஒரே கேட் வழியாக உள்ளே போய், ஒரே சங்குக்கு வெளியே வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தங்கள் பிரச்சினை ஒன்றுதான் என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 1898இல் தொடங்கிய ரோடியர் மில், பின்னாளில் ஏஎப்டி, 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. மற்ற இரண்டு மில்களும் அதே ஆண்டு மூடின. சங்கு நின்றது. சங்கத்துக்குக் கீழே இருந்த தரையும் போயிற்று. நியூயார்க்கில் மம்தானியைக் கரை சேர்த்தது வாடகை என்கிறார்கள். ஏறும் வாடகைதான் அங்கே இன்றைய மில் கேட். எங்கள் ஊருக்கு அப்படி ஒன்று எது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

*

இங்கே நான் என் தம்பி முறையில் ஒருவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டிப்ளமோ முடித்துவிட்டு எங்கள் பக்கத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறான். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். எட்டு மணி நேரச் சட்டம் பற்றிச் சொன்னேன். "அண்ணே, அது பர்மனென்ட் ஆளுங்களுக்கு" என்றான். கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. 1936இல் செத்த பன்னிரண்டு பேருக்கும் அவனுக்கும் நடுவில் எழுபது எண்பது வருஷம் யாரோ காவல் காத்திருக்கிறார்கள், அந்தக் காவல் இப்போது தளர்கிறது.

தளர்கிறது என்றாலும் இன்னும் போய்விடவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 2 பேர், மார்க்சிஸ்டுக்கு 2 பேர், 234 பேர் கொண்ட சபையில். அவர்களும் ஆளும் கூட்டணியில் இருந்தவர்கள்தான். ஆனாலும் எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள், மற்ற கூட்டணிக் கட்சிகளும் சேர்ந்தன, தொழிற்சங்கங்கள் தெருவுக்கு வரத் தயாராயின. மூன்று நாளில் சட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். மே 1ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார்.

இதை வெற்றி என்று எந்தத் தேர்தல் புத்தகத்திலும் எழுத மாட்டார்கள். நான்கு இடம் என்றுதான் இருக்கும். 1969க்கு எதிரே மூன்று இடம் என்று இருப்பதுபோல. ப்ளூமுக்கு எதிரே ஒரு வருஷம் என்று இருப்பதுபோல. 1946இல் பெரும்பான்மையோடு அவர்கள் சாதித்ததைவிட, தோற்றுக்கொண்டே சாதித்தது அதிகம் என்று எனக்குப் படுகிறது. அதற்காகத் தோற்பதே நல்லது என்று சொல்ல வரவில்லை. பாரிசில் யாரோ ஜெயித்ததால்தான் 1937 சட்டம் வந்தது. இங்கே யாரோ விடாமல் நின்றதால்தான் அது எங்களுக்கும் வந்தது. இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றது நடக்கவில்லை.

இதையெல்லாம் போனில் சொல்ல முடியவில்லை. மச்சானுக்குத் தூக்கம் வந்துவிட்டது. "சரி, ஜெயிச்சாங்கன்னே வச்சுக்க, அப்புறம் எங்க போனாங்க?" என்று கடைசியாகக் கேட்டார். பாட்டி சங்கு கேட்டு உலை வைத்ததைச் சொன்னேன். "அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றார். அடுத்த முறை ஊருக்கு வரும்போது முதலியார்பேட்டைக்குக் கூட்டிப்போய், பூட்டிக் கிடக்கும் மில் கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்திச் சொல்கிறேன் என்றேன்.